ஐந்து எண்ணும் வரை

அவளுடைய ஸ்கூட்டரில் கண்ணாடி கிடையாது. வாங்கிய வாரத்திலேயே இரண்டையும் கழற்றி விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாள். பின்னால் உட்காருகிறவர்தான் பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்லூரியில் இரண்டு வருடம் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருந்தது நான்.

ஒத்தக்கடையில் நான்குவழிச் சாலையின் நடுவே வலது பக்கம் திரும்ப ஓர் இடைவெளி உண்டு. அந்த இடம் வந்தால் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். மேலூர் போகும் லாரிகளுக்கு அங்கே வேகம் குறைக்கும் பழக்கமே இல்லை.

"பின்னால என்னடி வருது?"

"லாரிக்கா. அதுக்குப் பின்னால ஒரு பஸ்."

"எம்புட்டுத் தூரம்?"

"பக்கத்துலக்கா! நில்லுங்க!"

"பக்கத்துல வந்துட்டானா? அப்ப சீக்கிரம் போயிரணும்."

தூரத்தில் வருகிறது என்று சொன்னால், "அப்ப நேரம் கெடக்கு, போயிரலாம்" என்பாள். எதைச் சொன்னாலும் வண்டி போகும். லாரியின் காற்று முதுகில் அடித்துவிட்டுப் போன பிறகுதான் நான் கண்ணைத் திறப்பேன். அவள் அதற்குள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்பாள்.

நான் இப்போது லிஃப்ட் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு கட்டடத்துக்குப் போனால் வரிசையாக இருபத்திரண்டு விஷயங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே குறி போட வேண்டும். யாரை நினைத்தாலும் மனதில் ஒரு பட்டியல் ஓடுவது அந்தப் பழக்கத்தால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா, தெரியவில்லை. அவளை நினைத்தால் வருவது அவள் செய்யாதவற்றின் பட்டியல். மறந்துவிட்டு வந்த பொருளை எடுக்கத் திரும்பிப் போக மாட்டாள். தேர்வில் எழுதிய விடையை மறுபடி படிக்க மாட்டாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் நடந்துகொண்டே கையை மட்டும் தூக்குவாள். பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த நிறுத்தத்தில் நிற்க மாட்டாள். "அடுத்த ஸ்டாப்புக்கு நடப்போம் வா. பின்னால வார பஸ் அங்கயும் நிக்கத்தான செய்யும்?" என்பாள். நாங்கள் பாதி வழியில் நடந்துகொண்டிருக்கும்போது அந்த பஸ் எங்களைத் தாண்டிப் போகும். அப்போதும் அவளுக்கு வருத்தம் வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள் கேப்டன். என்னைவிட இரண்டு வருடம் மூத்தவள். நான் கோல்கீப்பர் ஆனதற்கு என் உயரத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் மெஸ் வரிசையில் தட்டோடு நின்றபோது ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏய் பனமரம், உனக்குப் பந்து பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"பரவால்ல. சும்மா கம்பிக்கு நடுவுல நிக்கணும். அம்புட்டுத்தான் வேலை."

அவள் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

கம்பிக்கு நடுவில் அவள் என்னை நிற்கவிட்டதே இல்லை. எங்கள் பி.டி. சார் எல்லா அணிகளையும் போல நான்கு பேரைப் பின்னாலும், நான்கு பேரை நடுவிலும், இரண்டு பேரை முன்னாலும் நிறுத்தச் சொல்வார். அவள் அதைத் தலைகீழாக்கினாள். பின்னால் இரண்டு, நடுவில் மூன்று, முன்னால் ஐந்து.

"இது எங்க தாத்தா காலத்து ஆட்டம்மா. இப்ப எவன் ஆடுறான்?" என்றார் சார்.

"அப்ப எதிர்டீமுக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல சார்?"

சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

அந்த ஆட்டத்தை அவள் எங்களுக்கு விளக்கியது விடுதி அறையின் முகம் பார்க்கும் கண்ணாடியில். பத்து சிவப்பு ஒட்டுப் பொட்டு, ஒரு கறுப்புப் பொட்டு. சிவப்பில் ஐந்தைக் கண்ணாடியின் மேல் பகுதியில் ஓரத்துக்கு ஓரம் பரப்பி ஒட்டுவாள். ஓரத்தில் நிற்கும் இருவரும் கோட்டை மிதித்துக்கொண்டே நிற்க வேண்டும். பந்து வராவிட்டாலும் உள்ளே வரக் கூடாது. அவர்களைக் கவனிப்பதற்காக எதிரணியின் தடுப்பாளர்கள் விலகுவார்கள். விலகினால் நடுவில் சந்து விழும். அந்தச் சந்துகளில் உள்பக்கத்து இருவரும் பாய வேண்டும். நட்ட நடுவில் அவள். அவர்களுக்குக் கீழே மூன்று பொட்டு, ஓயாமல் பந்தை மேலே கொடுத்துக்கொண்டிருக்க. மிச்சம் இரண்டும் நடுக்கோட்டில்.

"நம்ம பிள்ளைகளுக்கு ஓடத் தெரியும், தடுக்கத் தெரியாது. தெரியாத வேலையை நாலு பேத்துக்குக் குடுத்து என்னத்துக்கு?"

கறுப்புப் பொட்டு நான். நான் அதைக் கண்ணாடியின் அடிவிளிம்பில் ஒட்டினால் அவள் நகத்தால் மேலே தள்ளுவாள்.

"இம்புட்டுப் பின்னால நின்னு என்ன பண்ணப்போற?"

"கோல் அங்கதானக்கா இருக்கு?"

"அது எங்கயும் ஓடிப்போயிராது. நீ முன்னால வா."

கோலுக்கு முன்னால் வரைந்த பெட்டிக்கு வெளியே, அங்கிருந்தும் பத்து எட்டு முன்னால் கொண்டுவந்து என்னை ஒட்டினாள். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. கறுப்புப் பொட்டு சரியாக என் தொண்டைக்கு நேரே இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமில்லாததைத்தான் நான் இரண்டு வருடம் முதுகில் சுமந்தேன். எங்கள் மைதானம் யானைமலையைப் பார்த்து இருந்தது. புல் கிடையாது, செம்மண். ஓரத்தில் சீமைக் கருவேலம். பயிற்சியில் என்னை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, என் தலைக்கு மேல் பந்தைத் தூக்கி அடிப்பாள். நான் திரும்பி ஓட வேண்டும். காலியான கோலை நோக்கிப் பந்து குதித்துக் குதித்துப் போகும். அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிற நாற்பது எட்டும் ஒவ்வொரு முறையும் நீண்டன. பந்து கோட்டைத் தாண்டும் சத்தம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் எனக்குக் கேட்கும்.

இந்த அமைப்பில் ஒரு சட்டம் இருந்தது. பந்து பறிபோனால் யாரும் பின்னால் ஓடக் கூடாது. பறித்தவளுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று பேர் அவளைச் சூழ வேண்டும். ஒருத்தி நேராக, மற்ற இருவரும் இரண்டு பக்கமும். ஐந்து எண்ணுவதற்குள் பந்தை மீட்க வேண்டும். ஐந்து வந்தும் மீளவில்லை என்றால் அத்தனை பேரும் திரும்பி ஓட வேண்டும். அந்த ஐந்தைச் சத்தம் போட்டு எண்ணுகிற வேலையை எனக்குக் கொடுத்தாள்.

"நான் ஏன்க்கா?"

"மொத்த ஆட்டமும் உன் மூஞ்சிக்கு முன்னாலதான நடக்குது. அதோட நீ பயந்தாங்கொள்ளி. பயப்படுறவதான் சரியா எண்ணுவா. தைரியசாலின்னா எட்டு வரைக்கும் எண்ணிக்கிட்டு நிப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் ஆட்டத்தில் ஆறுக்கு ஐந்து என்று ஜெயித்தோம். அந்த ஐந்தும் என்னைத் தாண்டிப் போனவை. ஒவ்வொரு முறையும் ஒரே காட்சிதான். நான் எண்ணி முடிப்பேன், எங்கள் ஆட்கள் திரும்புவார்கள். அதற்குள் எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு தனியாக என்னை நோக்கி வந்துகொண்டிருப்பாள். காய்ந்த தரையில் பூட்ஸின் அடிப்பக்கத்து முள் கடகடவென்று கேட்கும். முதலில் சத்தம், பிறகு முகம். முகம் தெரியும்போது அவளும் பயந்திருப்பது தெரியும். பயந்தாலும் நிற்க மாட்டாள்.

ஆட்டம் முடிந்து, பின்னால் ஆடும் ஜெனிட்டா தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "அஞ்சு கோலுக்கா. எங்க வீட்டுல எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"ஆறு போட்டத அவங்க பாக்கலையா?"

"நாங்க ரெண்டே பேரு எப்பிடிக்கா..."

"ஜெனி, இங்க பாரு. பின்னால ஆள் இருக்குன்னு தெரிஞ்சா முன்னால போறவ கால் தயங்கும். எனக்குப் பின்னால யாரும் வேணாம்." ஜெனிட்டாவின் ஈரமுகத்தைத் தன் ஜெர்ஸியால் துடைத்துவிட்டாள். "நீ அழுறப்ப நல்லா இருக்கடி மாப்ள. அடுத்த மேட்ச்சுல அவளுக வாரப்ப அழுதுகாட்டு, பயந்துருவாளுக."

ஜெனிட்டா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. தனக்குப் பின்னால் யாரும் வேண்டாம் என்று சொல்கிறவளுக்குப் பின்னால் தடுக்க நாங்கள் மூன்று பேர் இருக்கிறோமே என்று கணக்காக நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்குள் சண்டை என்று வந்தால் அது எண்ணுவதைப் பற்றித்தான் இருக்கும். நான் வேகமாக எண்ணுகிறேன் என்பாள். கைக்கடிகாரத்தை வைத்து ஒரு வாரம் என்னைப் பழக்கினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நொடி. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும்போதுகூட, "ஒண்ணு... ம், இழு... ரெண்டு" என்பாள். நான் கச்சிதமாக எண்ணப் பழகினேன். என் எண்ணிக்கை சரியானதும் அணியும் சரியானது. அந்த வருடம் பாதிக்கு மேல் பந்துகள் மூன்றிலேயே, நான்கிலேயே மீண்டு வந்தன. ஜெயித்துக்கொண்டே கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

அவளுக்கு அது கடைசி வருடம். நான்கு பாடம் அரியர். ஓர் அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு ஆள் எடுப்பதற்காக இருவர் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று சார் சொன்னார். எடுத்தால் ஆட்டமும் உண்டு, வேலையும் உண்டு. எடுக்காவிட்டால் அவள் உசிலம்பட்டிப் பக்கத்து ஊருக்கு, அப்பாவின் வயலுக்குத் திரும்ப வேண்டும். இதைச் சொன்னது சார்தான். 'எடுக்கலன்னா' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

இறுதி ஆட்டம் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது. மத்தியான வெயில். எதிரணியில் மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒருத்தி இருந்தாள். பத்தாவது நிமிடத்தில் தனியாக வந்து, பந்தையும் என்னையும் சேர்த்து உதைத்தாள். விலா எலும்பில் விழுந்தது. எழுந்தேன். மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. சாரிடம் சொல்லவில்லை. மாற்றுக் கீப்பர் எங்களிடம் இல்லை.

இரண்டுக்கு இரண்டு. இன்னும் சில நிமிடங்கள்தான். பந்து அவர்களுடைய பெட்டிக்கு முன்னால் பறிபோனது. நான் எண்ண ஆரம்பித்தேன்.

"ஒண்ணு!"

அவள் நேராகப் பாய்ந்தாள். இரண்டு பக்கமும் எங்கள் ஆட்கள் இருவர் சூழ்ந்தார்கள். கண்ணாடியில் பொட்டு ஒட்டிக் காட்டியதைப் போலவே இருந்தது.

"ரெண்டு!"

நடுக்கோட்டில் ஜெனிட்டாவும் மற்றவளும் பந்தைப் பார்த்துக்கொண்டே நான்கு எட்டு முன்னால் போயிருந்தார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில், நடுக்கோட்டை ஒட்டி, மஞ்சள் பூட்ஸ் நின்றது. அவளைச் சுற்றி யாரும் இல்லை. அவள் பந்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வலது காலால் தரையை ஒருமுறை தேய்த்துக்கொண்டாள்.

"மூணு!"

விலாவில் வலித்தது. முதுகுக்குப் பின்னால் கோல் திறந்து கிடந்தது.

"அஞ்சு!"

நான்கை நான் சொல்லவில்லை. வாய் சொன்னது என்று எழுதினால் வசதியாக இருக்கும். ஆனால் சொன்னது நான்தான், தெரிந்துதான் சொன்னேன்.

சட்டப்படி எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் சூழ்ந்திருந்த இருவரும் திரும்பினார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. பந்தின் மேல் காலை வைத்தாள். பந்து அவளிடம் வந்தும்விட்டது. பக்கங்கள் காலியாக இருந்ததால் இரண்டு தடுப்பாளர்கள் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வந்து மோதினார்கள். மைதானத்தின் மறுபாதியில் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பதைப் போல இருந்தது. அவள் ஒரு கையைத் தூக்கினாள், பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதைப் போல.

தோற்றோம். ஆள் எடுக்க வந்த இருவரும் ஆட்டம் முடியும்வரை இருந்து, வேறு இரண்டு பெண்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

மருத்துவமனையில் அவளுடைய வலது முழங்காலைப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஜவ்வு அறுந்துவிட்டது, அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய ஓட்டம் வராது என்றார் டாக்டர். கட்டிலைச் சுற்றி மொத்த அணியும் நின்றது. சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் பிள்ள அஞ்சுன்னு கத்துனது ரோட்டு வரைக்கும் கேட்டுச்சேம்மா. உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு சார். நான்தான் காதுல வாங்கல."

"உன் பிடிவாதம் உன்னையவே முடிச்சிருச்சு" என்றார் சார். ஜெனிட்டா என் தோளில் சாய்ந்து அழுதாள். கட்டிலில் இருந்தவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என் விலா எலும்பில் விரிசல் இருப்பது அடுத்த நாள்தான் தெரிந்தது. அதைச் சாக்காக வைத்து ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் அறையைக் காலி செய்திருந்தாள். கண்ணாடியில் பொட்டுகள் இல்லை. பசையின் தடம் பதினோரு இடத்தில் இருந்தது.

ஒவ்வொரு லிஃப்டிலும் கடைசியாகச் சோதிப்பது ஒரு பூட்டு. கயிறு அறுந்தால் லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டு. அது பிடிக்கிறவரை நான் மனதுக்குள் எண்ணுவேன். ஒரு நாளும் ஓர் எண்ணைக்கூட விட்டதில்லை.

போன மாதம் ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை. எல்லாம் முடிந்து, கட்டடப் பொறுப்பாளரின் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினேன்.

"பனமரம், இன்னும் வளந்துக்கிட்டே இருக்கியாடி?"

குரல்தான் முதலில் தெரிந்தது. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. வலது காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாளை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை. இருபத்திரண்டு வரியையும் விரலை வைத்துப் படித்தாள். பிறகு மேலிருந்து மறுபடி படித்தாள். எழுதிய விடையைத் திரும்பிப் பார்க்காதவள்.

"நாலாவது மாடியில செகரட்டரி கையெழுத்தும் வேணும், வா" என்று எழுந்தாள். நான் லிஃப்ட் பக்கம் திரும்பினேன். அவள் கைப்பிடியைப் பிடித்துப் படியில் காலை வைத்தாள்.

"அக்கா, முழங்காலோட ஏன் படியில? இப்பத்தான நான் பாத்தேன், எல்லாம் சரியா இருக்கு."

"நீ பாத்தது சரிடி. நடுவுல நின்னுருச்சுன்னா?"

ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். நான்கு மாடி. நடுவில் இரண்டு முறை நின்று, பின்னால் நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மைதானத்தில் அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் என்னை பஸ் நிறுத்தத்தில் விடுகிறேன் என்றாள். அதே ஸ்கூட்டர்தான், பெயின்ட் மங்கியிருந்தது. இரண்டு கண்ணாடியும் இருந்தன. கிளம்புமுன் இரண்டையும் துணியால் துடைத்து, இடதைக் கொஞ்சம் திருப்பி, வலதைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி இடதைச் சரிசெய்தாள்.

சாலையின் நடுவே இருந்த அந்த இடைவெளியில் வண்டி நின்றது. ஒரு டேங்கர் போனது. இரண்டு பஸ் போயின. சொல்லிவிட வேண்டும் என்று படியில் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

"அக்கா. அன்னைக்கு நான் நாலு சொல்லல. மூணுக்கு அடுத்து அஞ்சு சொல்லிட்டேன்."

"தெரியும்டி."

"கேட்டுச்சா?"

"நானும் எண்ணிக்கிட்டுத்தான இருந்தேன். எல்லா மேட்ச்சுலயும் எண்ணுவேன். உன்னைய நம்பி மட்டுமா போவேன்?"

"அப்ப ஏன்க்கா நீங்க திரும்பல?"

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருந்துச்சு."

அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். சாலை காலியானது. மேலூர்ப் பக்கமும் ஒன்றும் இல்லை. பழைய வழக்கப்படி நான் திரும்பிப் பார்த்தேன்.

"பின்னால ஒண்ணும் வரலக்கா. போகலாம்."

"இரு."

இடது கண்ணாடியைப் பார்த்தாள். வலதைப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் திருப்பித் தானே ஒருமுறை பார்த்தாள். அவள் எண்ணுவது முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு நொடி. நாலு சொன்னாள். அஞ்சு சொன்னாள். சாலை அப்படியே காலியாகத்தான் கிடந்தது.

வண்டி நகரவில்லை. பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் ஒண்ணிலிருந்து ஆரம்பித்தாள்.